கல்லுக்குழிக்கு வந்த வில்லன்

“மேற்படி சாமிக்கண்ணு, தகப்பனார் பெயர் அரியமுத்து, பக்தி மற்றும் தேசபக்தி நாடகங்களில் நீண்டகாலம் நடித்துப் பொதுமக்களை நல்வழிப்படுத்தி வந்தவர். சாந்த குணமும் இனிய குரல்வளமும் உடையவர். தற்போது நலிவுற்ற நிலையில் உள்ளார். இவரது நன்னடத்தை குறித்து ஆட்சேபணை ஏதும் இல்லை.”

செந்துறைப் பக்கத்துச் சாமிக்கண்ணு, நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு மனுப்போட்டபோது 1984இல் ஓர் அலுவலகம் கொடுத்த சான்றிதழ் இது. கையெழுத்து சரி, ரப்பர் முத்திரை சரி, தேதியும் சரி. மற்றதெல்லாம் தவறு. குமாஸ்தாவிடம் இருந்த வாசகம் அது ஒன்றுதான். சாமிக்கண்ணுவுக்கு முன்னால் வரிசையில் நின்றவர் உண்மையாகவே பஜனை பாடுகிறவர். வாசகம் அவருக்குப் பொருந்தியது, அதையே இவருக்கும் தட்டச்சு செய்துவிட்டார்கள்.

சாமிக்கண்ணு எந்தப் பக்தி நாடகத்திலும் நடித்ததில்லை. ஒரு படத்தில் கோயில் மணியைத் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார், பக்தியோடு அவருக்கு இருந்த தொடர்பு அவ்வளவுதான். தேசபக்தி என்றால் எந்த தேசம் என்று கேட்க வேண்டும். அவர் நடித்த படங்கள் நடக்கிற தேசத்துக்குப் பெயர் கிடையாது. அங்கே எல்லாரும் தொப்பி வைத்துக்கொண்டு குதிரையில் போவார்கள். சாராயக்கடைக்கு இரண்டு பக்கமும் ஆடுகிற அரைக்கதவு இருக்கும். ஷெரீப் வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதி பூசுவார். கதாநாயகியின் அப்பாவை யாரோ சுட்டிருப்பார்கள். அந்த யாரோ பெரும்பாலும் சாமிக்கண்ணு.

குரல்வளம் என்பது, தகரத்தைக் கல்லில் இழுத்தால் வருமே, அந்த வளம். சாந்த குணம் மட்டும் உண்மை. அதுதான் விசேஷம்.

அரியலூர் ரயில் நிலைய வாசலில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். அப்பா செந்துறைப் பக்கம் ஒரு பண்ணையில் குதிரைக்குப் புல் போட்ட கூலியாள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. சின்ன வயதில் அந்தப் பண்ணைக் குதிரை உதைத்து மேலுதடு கிழிந்தது. தைக்க ஆளில்லாமல் தானாகவே ஒட்டியது, கோணலாக. அன்றிலிருந்து இடது பக்கத்துப் பற்கள் எப்போதும் வெளியே தெரியும். தூங்கும்போதுகூட யாரையோ ஏளனம் செய்கிற மாதிரி இருப்பார். போதாததற்கு அம்மைத் தழும்பு. நகை போட்டுக்கொண்டு ரயிலிறங்கிய பெண்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறினார்கள். அடுத்த வண்டிக்காரன் பிச்சாண்டி பார்க்க மகாலட்சுமி கடாட்சமாக இருப்பான். இரண்டு முறை நகை திருடி உள்ளே போய் வந்தவன் அவன்தான்.

சாமிக்கண்ணுவோ குதிரையைச் சாட்டையால் தொடக்கூட மாட்டார். நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுப்பார். அது நடந்தால் நடக்கும், நின்றால் இவரும் நிற்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், குதிரைப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம், மதராஸிலிருந்து சினிமாக் கம்பெனிக்காரர் ஒருவர் அரியலூரில் இறங்கினார். மரமில்லாமல், புல்லில்லாமல், வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கிற இடம் அவருக்கு வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. வேறு வண்டி இல்லாததால் சாமிக்கண்ணு வண்டியில் ஏறினார். சுண்ணாம்புக்கல் குழிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார் சாமிக்கண்ணு. கம்பெனிக்காரர் குழியைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிப் பேசிய வண்டிக்காரரின் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கதாநாயகனுக்கு நிழல் இல்லை என்று இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வண்டிக்காரரின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறினார்.

மதராஸில் தொப்பி கொடுத்தார்கள், பித்தளை ஆணி பதித்த பெல்ட்டு கொடுத்தார்கள், முழங்கால் வரை பூட்ஸ் கொடுத்தார்கள். கதை கொடுக்கவில்லை. எந்தப் படத்திலும் அவருக்கு யாரும் கதை சொன்னதில்லை. “இங்க நில்லு. அவனை அடி. சிரி. விழு” என்பார்கள். ஏன் அடிக்க வேண்டும், விழுந்த பிறகு என்ன ஆகும் என்று அவர் கேட்டதும் இல்லை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டாயிற்று. அதைத் தொழில் ஒழுக்கம் என்று கம்பெனிகள் பாராட்டின.

அவர் சிரிப்புத்தான் பேர் வாங்கியது. தொண்டைக்குள் மெதுவாக ஆரம்பிக்கும். சட்டென்று நிற்கும். எதிரில் இருப்பவனை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு முழுசாக வெடிக்கும். அந்த நடு நிறுத்தத்தில் தியேட்டரில் பிள்ளைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

அவர் நடித்ததில் அதிக நாள் ஓடிய படத்தில், கண் தெரியாத ஒரு தாயைக் கயிற்றில் கட்டிக் குதிரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார். படமெடுத்த அன்று அந்த அம்மாளின் முதுகுக்கு அடியில் வைக்கோல் மெத்தையைத் தன் கையாலேயே வைத்துத் தைத்தார். ஒவ்வொரு முறை இழுத்து நிறுத்தியதும் இறங்கி ஓடிப்போய், “வலிக்குதுங்களா?” என்று கேட்டார். “நீ கேட்டுக் கேட்டு ஷாட்ட கெடுக்குறதுதான்டா வலிக்குது. ஒழுங்கா இழுத்து முடி” என்றார் அந்த அம்மாள்.

இதெல்லாம் திரையில் தெரியாது. செந்துறை டூரிங் டாக்கீஸில் அந்தக் காட்சி வந்தபோது ஜனங்கள் தரையிலிருந்து மண்ணை அள்ளித் திரையில் எறிந்தார்கள். நம்மூர்க்காரன் சினிமாவில் நடிக்கிறான் என்று பெருமைப்பட வேண்டியவர்கள், இந்தப் பாவியா நம்மூர்க்காரன் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி பச்சையம்மாள் அப்போது பெரம்பலூரில் தாய்வீட்டில் இருந்தாள். தெருக்குழாயில் அவள் குடத்தை எட்டி நகர்த்தினாள் ஒருத்தி.

“அது நடிப்புடி. சினிமா. புரியுதா ஒனக்கு?” என்றாள் பச்சையம்மாள்.

“நடிப்புன்னா அவ்ளோ நல்லாவா இழுப்பான்?”

“அதுக்குத்தான்டி கூப்புட்டுக் காசு குடுக்குறாங்க.”

“அப்ப காசு குடுத்தா எதுவேணா செய்வானா?”

பச்சையம்மாள் குடத்தால் அவள் முழங்கையில் ஒரு இடி இடித்துவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். புருஷனுக்காக அவள் இப்படிப் பல முழங்கைகளை இடித்திருக்கிறாள்.

எழுபதுகள் முடிவதற்குள் குதிரைப் படங்கள் முடிந்துவிட்டன. தமிழ் சினிமா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிராமத்துக்குப் போயிற்று. வயல், வாய்க்கால், ஆட்டுக்கல், பஞ்சாயத்து என்று எல்லாம் மண்வாசனை. சினிமா கிராமத்துக்குப் போனதால், கிராமத்திலிருந்து போன சாமிக்கண்ணுவுக்கு வேலை போயிற்று. “ஒன் மூஞ்சில கிராமக் களை இல்லையேப்பா” என்றார் ஒரு டைரக்டர். பண்ணைக் குதிரை உதைத்து வந்த முகம் அது.

தொப்பி, பூட்ஸ், சாட்டை ஆகியவற்றோடு ஊர் திரும்பினார். பச்சையம்மாளும் பெரம்பலூரிலிருந்து வந்து சேர்ந்தாள். ஜட்கா தொழிலுக்குத் திரும்பலாம் என்றால், அவர் வண்டியில் ஏற முன்பே பயந்த ஜனங்கள் இப்போது நிலைய வாசலையே சுற்றிக்கொண்டு போனார்கள். திருவிழாக்களில் ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் மேடையேறிச் சிரித்துக் காட்டினார். “ஒன்ஸ் மோர்!” என்பார்கள். திரும்பச் சிரிப்பார். மூன்றாவது முறை யாரும் கேட்கமாட்டார்கள். அவர் மட்டும் மேடையை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் நிற்பார், யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று.

இந்த நிலைமையில்தான் 1982இல் வைத்திலிங்கம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வைத்திலிங்கம் கல் காண்ட்ராக்டர். பெரிய சிமெண்ட் ஆலை எதற்கும் அவர் ஆளல்ல. தனியாகக் குழி வெட்டிக் கல்லெடுத்துச் சூளைகளுக்கு லாரியில் அனுப்புகிறவர். செந்துறைச் சாலைக்குக் கிழக்கே அவர் குழி வெட்டிக்கொண்டே போனபோது, ஓரிடத்தில் குழிக்கு நேர் விளிம்பில் ஒரு வரிசைக் குடிசைகள் குறுக்கே நின்றன. பழைய பண்ணைக்காரர் தன் கூலியாட்களைக் குடியேற்றிய இடம். பண்ணைக்காரர் நிலத்தை வைத்திலிங்கத்திடம் கொடுத்துவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார். கூலியாட்கள் போகவில்லை. அவர்களுக்குத் திருச்சியில் யாரும் இல்லை. காலையில் வைத்திலிங்கத்தின் குழியிலேயே இறங்கிக் கல் உடைத்தார்கள், சாயங்காலம் மேலேறி வைத்திலிங்கம் வேண்டுமென்ற இடத்திலேயே சமைத்தார்கள். நல்ல கல் அவர்கள் அடுப்புக்கு அடியில்தான் இருந்தது.

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. ஜனங்கள் உண்மையில் அங்கே குடியிருக்கிறார்களா என்று நேரில் பார்த்துச் சொல்ல ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார்கள். வீடும் அடுப்பும் மனிதர்களும் அவர் கண்ணில் பட்டால் வழக்கு முடிகிற வரை யாரும் அவர்களைக் கிளப்ப முடியாது. படாவிட்டால் அன்றே வைத்திலிங்கம் வெடி வைக்கலாம். எல்லாம் இந்த ஒரு பார்வையில் நின்றது.

வைத்திலிங்கம் முதலில் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். குழியில் வெடி வைப்பதற்கு முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு “வெடி, வெடி!” என்று குடிசை வரிசையில் ஓடுவான். எல்லாரும் வீட்டை அப்படியே விட்டுவிட்டு மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வெடித்து அடங்கிய பிறகு திரும்புவார்கள். ஒரு நாள் கொடி வந்தது, ஜனங்கள் போனார்கள், வெடி மட்டும் வெடிக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஒரு குடிசைக்குக் கூரை இல்லை.

அதற்குப் பிறகு காத்தாயி ஒரு சட்டம் போட்டாள். அந்த வரிசையில் அவள் வயதில் பெரியவள் அல்ல, வாயில் பெரியவள். “வெடியே வெடிக்கட்டும், எமனே வரட்டும், வூட்டுக்கு ஒரு ஆளு உள்ளார இருக்கணும். அடுப்பு அணையக்கூடாது. கமிஷனரு எப்ப வந்து பாத்தாலும் பொகை வரணும்” என்றாள். அடுத்த முறை கொடி வந்தபோது யாரும் அசையவில்லை. கொடிக்காரன் மூச்சிரைக்க முன்னும் பின்னும் ஓடினான். “ஏன்டா, காலையில சாப்புட்டது செரிக்கலியா?” என்று கேட்டாள் காத்தாயி. நிஜமாகவே வெடித்தது. கல் வந்து கூரையில் விழுந்தது. அப்போதும் அசையவில்லை.

கமிஷனர் வருவதற்கு முதல் நாள். வைத்திலிங்கம் சாமிக்கண்ணுவை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார்.

“என்ன சாமிக்கண்ணு, சிரிக்கிறதெல்லாம் ஞாபகம் இருக்கா, மறந்துட்டியா?”

“மறக்குமா அண்ணாச்சி.”

“ஸ்டேஷன்ல ஒரு குதிரை பேசியிருக்கேன். மத்தியானம் நம்ம குழிக்கிட்ட வா. முழு வேஷத்துல வரணும். ஜனங்களுக்கு ஒரு ஷோ காட்டு. பாவம், கல்லு ஒடைச்சே காலம் போவுது அவங்களுக்கு.”

“காட்டிட்டாப் போச்சுங்க.”

“மண்மேட்டுக்கிட்ட நில்லு. நீ குடிசையப் பாத்து நிக்கணும். ஜனம் ஒன்னப் பாத்து நிக்கட்டும். ரோட்டுல என் லாரி ஹாரன் கேக்குற வரைக்கும் வுடாத. ஒரு ஆளுகூட வூட்டுல இருக்கப்படாது. எல்லாரும் பாக்கணும்ல?”

“எல்லாரும் பாக்கணும்” என்றார் சாமிக்கண்ணு. ஏன் என்று கேட்கவில்லை. கதை கேட்கிற பழக்கம்தான் அவருக்கு இல்லையே.

வெயில் நெற்றியில் நிற்கிற நேரத்தில், வெள்ளை மண் புழுதிக்கு நடுவில், கறுப்புத் தொப்பியும் பூட்ஸுமாக அவர் குதிரையில் வந்து நின்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்காரர் தேடிய காட்சி இதுதான். படம் பிடிக்கத்தான் ஆளில்லை.

முதலில் பார்த்தவன் முருகையன், கல் உடைக்கிறவன், சினிமாப் பைத்தியம்.

“யோவ்! குருட்டு ஆத்தாவ இழுத்தவன்யா! தொப்பிக்காரன்யா! நெசமாவே வந்துருக்கான்யா!”

கூட்டம் சேர்ந்தது. ஆனால் காத்தாயியின் சட்டமும் நின்றது. வீட்டுக்கு ஒரு ஆள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள். சாமிக்கண்ணு குதிரையை நடத்திக்கொண்டு முருகையனிடம் வந்தார். சாட்டையைச் சுழற்றினார். முருகையன் உதட்டிலிருந்த பீடி காணாமல் போனது. உதடு அப்படியே இருந்தது. முருகையன் தடவிப் பார்த்துக்கொண்டு, “இருக்குய்யா!” என்றான். ஜனங்கள் கைதட்டினார்கள்.

வாசலில் நின்றவர்களுக்கு முன்வரிசைக்காரர்களின் தலைதான் தெரிந்தது. ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம், “அக்கா, ஒரு கண்ணு பாத்துக்க, இந்தா வந்துட்டேன்” என்று நழுவினாள். பக்கத்து வீட்டுக்காரி அதற்கடுத்த வீட்டுக்காரியிடம் இரண்டு வீட்டையும் சேர்த்து ஒப்படைத்தாள். யாரும் வீட்டை அநாதையாக விட்டுவிட்டு வரவில்லை. எல்லாரும் பொறுப்பாக இன்னொருத்தரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் அத்தனை வீடுகளும் காத்தாயியிடம் வந்து சேர்ந்தன. நடக்க முடியாத கிழவர் ஒருவரையும், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளையும்கூடக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டார்கள், அவர்களும் பார்க்கட்டும் என்று.

சாமிக்கண்ணு சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு. நடுவில் நிறுத்தி ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைகள் அலறி அம்மா சேலைக்குள் புகுந்தன. அம்மாக்கள் அவற்றை வெளியே இழுத்து, “பாருடா, பாருடா” என்றார்கள்.

“ஒன்ஸ் மோர்!” என்றான் முருகையன்.

“எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார் சாமிக்கண்ணு.

“காத்தாயி மட்டும் வராதுங்க. அதுக்கு ஒங்களக் கண்டாலே ஆவாது. அந்தப் படம் பாத்துட்டு ரெண்டு நாளு சோறு திங்கல. கையில கெடச்சா வெளக்கமாத்தால அடிப்பேன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்” என்றான் முருகையன்.

சாமிக்கண்ணு தொப்பியைச் சரி செய்துகொண்டார். சினிமாக் குரலை எடுத்தார்.

“ஏய் கிழவி! நான் வந்து நிற்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்க உனக்கு என்ன துணிச்சல்?”

“யாருடா கெழவி?” என்று உள்ளேயிருந்து வந்தது. “ஒன் வயசுதான்டா எனக்கு, ஒதடு கிழிஞ்சவனே!”

கூட்டம் ஆரவாரித்தது.

“உயிர்மேல் ஆசையிருந்தால் வெளியே வா! கயிறு காத்துக்கொண்டிருக்கிறது!”

“அந்தக் கண்ணு தெரியாதவள இழுத்தியே, அவ ஒன்ன என்னடா செஞ்சா? சோறு கேட்டாளா, தண்ணி கேட்டாளா?”

“அவள் கிழவி. நீயும் கிழவி. என் குதிரைக்குக் கிழவிகளை இழுத்தே பழக்கம்!”

“காத்தாயி, வுடாத!” என்று கத்தினார்கள் பெண்கள். “வந்து நாலு போடு!” அவளைக் காவலுக்கு வைத்தவர்களே அவளைக் கூப்பிட்டார்கள்.

காத்தாயி வந்தாள். அடுப்பில் உலை, கொல்லையில் கட்டிய ஆடு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு விளக்குமாறோடு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. குதிரைக்குப் பக்கத்தில் வந்து அவர் பூட்ஸிலும் தொடையிலும் மாற்றி மாற்றி அடித்தாள்.

“இது அந்தக் குருட்டு ஆத்தாவுக்கு! இது அவ மவனுக்கு! இது கோயில் மணியச் சுட்டதுக்கு!”

“ஐயோ! அம்மா! கொல்றாளே!” என்று சாமிக்கண்ணு துடித்துக் காட்டினார். தொப்பி சரிந்தது. கட்டிலில் கிடந்த கிழவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு பக்கம் அடித்துக் களைத்துக் காத்தாயி நிமிர்ந்தாள். சாமிக்கண்ணு குதிரையை லேசாகத் திருப்பி மற்ற காலை நீட்டினார்.

“இது மட்டும் என்ன பாவம் செய்தது, கிழவி? பயந்துவிட்டாயா?”

“பயமா? எனக்கா?” என்று அதையும் அடித்தாள். அந்த ஜனங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. திரையில் மண்ணெறிந்து தீராத கோபம் அன்றுதான் தீர்ந்தது.

ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. சாமிக்கண்ணு சட்டென்று நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் ஒரு வணக்கம் வைத்தார். அப்போதுதான் யாரோ திரும்பினார்கள்.

காற்று மேற்கே போய்க்கொண்டிருந்ததால் புகை வாடையும் சூடும் இந்தப் பக்கம் வரவில்லை. கரும்புத் தோகைக் கூரைகள். கடைக்கோடியிலிருந்து பிடித்துப் பாதி வரிசை ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. மிச்சம் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் குழிக்கு அடியில், பால் போல வெள்ளையாக, எட்டாத பள்ளத்தில் கிடந்தது. இறங்கி மொண்டு ஏறுவதற்குள் மொண்டவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. காத்தாயி கையிலிருந்த விளக்குமாற்றாலேயே தீயை அடித்தாள். விளக்குமாறு பற்றிக்கொண்டது. ஆடு கொஞ்ச நேரம் கத்தியது.

சாமிக்கண்ணுவும் குதிரையிலிருந்து குதித்து ஓடித் தொப்பியில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அட்டைத் தொப்பி. பாதி வழியிலேயே ஒழுகிவிட்டது.

மறுநாள் காலையில் கமிஷனர் வந்தார். நியாயமான மனிதர். கண்ணில் பட்டதைத்தான் எழுதுவார். கண்ணில் சாம்பல்தான் பட்டது.

“இங்கதான் குடியிருந்தீங்களாம்மா?”

“ஆமாங்க.”

“எங்கே?”

காத்தாயி கையைக் காட்டினாள். காட்டிய இடத்தில் அடுப்புக்கல் மூன்று இருந்தது.

அடுப்புத்தீ தெறித்து விபத்து என்று வைத்திலிங்கத்தின் பக்கம் சொன்னது. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்ததா என்று விசாரித்தார்கள். எரிந்தது என்றார்கள், பொய் சொல்லத் தெரியாதவர்கள். பக்கத்தில் ஆளில்லையா? இல்லை. ஏன் இல்லை?

“வில்லனப் பாக்கப் போயிருந்தோங்க” என்றான் முருகையன்.

விசாரிக்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள், ஆட்டைச் சேர்க்காமல். கட்டிலோடு தூக்கி வந்து வெளியே போட்டதால் கிழவரும் பிள்ளை பெற்றவளும் பிழைத்தார்கள். அந்தப் புண்ணியமும் சாமிக்கண்ணுவையே சேரும். அந்த வாரமே கொடிக்காரன் ஓட வேண்டிய அவசியமில்லாமல் வெடி வைத்தார்கள். ஜனங்கள் ஆலத்தியூர்ப் பக்கமும் அரியலூர்ப் பக்கமும் சிதறிப்போனார்கள். பிள்ளை பெற்றவள் பிள்ளை, புளியமரத்தடியில் இருந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அது எந்த விசாரணையிலும் சேரவில்லை.

யாரும் சாமிக்கண்ணுவைச் சந்தேகப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. செய்யாத பாவத்துக்கெல்லாம் பத்து வருஷம் மண்ணெறிந்தவர்கள் இப்போது அவர் பேரைச் சொன்னால் உருகினார்கள். “அவரு என்னய்யா பண்ணுவாரு? நம்ம கூடத்தான நின்னாரு. தொப்பியில தண்ணி மொண்டு ஊத்துனாரே, எவன் ஊத்துனான்?” என்றான் முருகையன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்த காத்தாயி ஒரு நாள் அவரைக் கண்டு எழுந்து நின்றாள்.

“அண்ணே, அன்னைக்கிக் கோவத்துல அடிச்சிப்புட்டேன். மனசுல வச்சிக்காதீங்க.”

“பரவால்ல தாயி” என்றார் சாமிக்கண்ணு. முறுக்கு வாங்கிக்கொண்டார். காசு வேண்டாமென்று அவள் மறுத்துவிட்டாள்.

அந்த முறுக்கை வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, காத்தாயி சொன்னதைப் பச்சையம்மாளிடம் சொன்னார். அவள் முறுக்கைத் தொடவில்லை.

“நீ குதிரை மேல இருந்த” என்றாள்.

“ஆமா.”

“வூட்டப் பாத்து நின்ன. அவங்கதான முதுவக் காட்டிக்கிட்டு நின்னாங்க.”

“ஆமா.”

“அப்ப எப்பப் பாத்த?”

சாமிக்கண்ணு முறுக்கைக் கடித்தார். அந்த உதட்டால் சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது, கட்டினவளாலும்.

“ஹாரனுக்கு முன்னாடியே.”

“எவ்வளவு முன்னாடி?”

“அந்தப் பொம்பள ஒரு பக்கத்து அடிய நிறுத்திட்டுத் திரும்பப் பாத்துது. அப்பவே.” கொஞ்ச நேரம் மென்றார். “எல்லாரும் நல்லா ரசிச்சிக்கிட்டு இருந்தாங்க புள்ள. அந்த மாதிரி ஒரு கூட்டம் எனக்கு சினிமாவுலகூட அமையல.”

பச்சையம்மாள் மறுநாள் முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போனாள். கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. பிறகு அவள் அவருக்காக யாருடைய முழங்கையையும் இடித்ததாகத் தகவல் இல்லை.

சாமிக்கண்ணு குடிசைகளுக்குத் தீ வைக்கவில்லை. வைத்தவர்களை அவருக்குத் தெரியாது. கூரையில் புகை கிளம்பியதை எல்லாருக்கும் முன்னால் பார்த்தார். பார்த்துவிட்டு, காத்தாயி திரும்பிவிடாமலிருக்கக் குதிரையைத் திருப்பி மற்ற காலை நீட்டினார்.